மழையை அச்சிட்டவர்கள்
ஹிரோஷிகேயின் வாழ்வும் முதல் அச்சுகளும்

ஒரு கிண்ணம் மீ வாங்கும் காசுக்கு ஒரு காலத்தில் கடைத்தெருவில் விற்கப்பட்ட படங்கள் இன்று உலகின் பெரிய அரும்பொருளகங்களில் மங்கிய விளக்கொளியில் பாதுகாக்கப்படுகின்றன. ஜப்பானின் மர அச்சு ஓவியங்கள்தாம் அவை. எடோ நகரத்துச் சாமானியர்கள் அவற்றை வாங்கிச் சுவரில் ஒட்டினார்கள்; ஊருக்குத் திரும்பும் பயணிகள் உறவினர்களுக்காக மடித்து எடுத்துச் சென்றார்கள்; கிழிந்துபோனால் தூக்கி எறிந்தார்கள். கலைப்பொருள் என்று எவரும் அவற்றைப் பூட்டி வைக்கவில்லை.

அத்தகைய படங்களில் மழைக்கும் பனிக்கும் மாலைப் பொழுதுக்கும் நிலையான இடம் தந்தவர் உட்டாகாவா ஹிரோஷிகே. ஹொக்குசாயை அடுத்து உலகம் அதிகம் அறிந்த ஜப்பானிய நிலக்காட்சி ஓவியர் அவரே. ஆயினும் அவருடைய வாழ்க்கையைப் படிக்கும்போது ஒரு கேள்வி எழுகிறது. அவர் பெயரைத் தாங்கிய படங்களில் அவர் கை நேரடியாகத் தொட்டது எவ்வளவு? ஒரே படத்தின் இரண்டு அச்சுகளில் ஒன்று உயிரோடும் மற்றொன்று வெறுமையாகவும் தெரிவது ஏன்? இவற்றுக்கு விடை தேடினால், ஒரு கலைஞரின் புகழுக்குப் பின்னால் எத்தனை கைகள் உழைத்தன என்பது விளங்கும்.

தீயணைப்புக் குடியிருப்பில் பிறந்தவர்

ஹிரோஷிகே 1797ஆம் ஆண்டு எடோவில் பிறந்தார். இன்று நாம் டோக்கியோ என்று அழைக்கும் நகரமே அன்றைய எடோ. சாமுராய் வகுப்பின் கீழ்நிலையைச் சேர்ந்த குடும்பம் அது. எடோ கோட்டையைத் தீயிலிருந்து காக்கும் படையில் தந்தைக்குப் பரம்பரைப் பதவி. குடும்பமும் தீயணைப்புப் படையின் குடியிருப்பிலேயே வாழ்ந்தது.

எடோ மரத்தாலும் காகிதத்தாலும் கட்டப்பட்ட நகரம். ஒரு வீட்டில் பிடித்த தீ ஒரே இரவில் பல தெருக்களை விழுங்கிவிடும். ஆகவே தீயணைப்பாளர் பதவி பெயரளவிலானது அன்று. அதே சமயம் வருவாய் மிகுந்ததும் அன்று.

1809ஆம் ஆண்டு அந்தச் சிறுவனின் வாழ்வில் பேரிடியாக அமைந்தது. முதலில் தாயார் மறைந்தார். தந்தை தம் பதவியை மகனிடம் ஒப்படைத்தார். அதே ஆண்டில் தந்தையும் இயற்கை எய்தினார். பன்னிரண்டு வயதில் பெற்றோர் இருவரையும் இழந்த ஹிரோஷிகே, கோட்டையைக் காக்கும் பொறுப்பை ஏற்றார். தீப்பிடிக்காத நாட்களில் அந்தப் பணி நிறைய ஓய்வு தந்தது. அந்த ஓய்வு நேரத்தில்தான் தூரிகை அவர் கைக்கு வந்தது.

ஏறத்தாழ 1811இல் அவர் ஓவியம் கற்க முயன்றார். அன்று புகழின் உச்சியில் இருந்தவர் உட்டாகாவா தொயோகுனி. அவரிடம் மாணவர்கள் நிறைந்துவிட்டதால் இடம் கிடைக்கவில்லை. அதே பள்ளியைச் சேர்ந்த, அமைதியான இயல்புடைய தொயோஹிரோ என்பவரிடம் சேர்ந்தார். மறு ஆண்டே உட்டாகாவா என்னும் பள்ளிப் பெயரும் ஹிரோஷிகே என்னும் கலைப் பெயரும் அவருக்கு வழங்கப்பட்டன. ஆசிரியர் பெயரின் பிற்பாதியான ஹிரோ மாணவர் பெயரின் முற்பாதியாயிற்று.

பெயர் கிடைத்தும் புகழ் உடனே வந்துவிடவில்லை. ஏறக்குறைய இருபது ஆண்டுகள் அவர் மற்றவர்களைப் போலவே நாடக நடிகர்களையும் அழகிய பெண்களையும் போர்வீரர்களையும் வரைந்தார். 1828இல் ஆசிரியர் மறைந்தபோது அவருடைய பெயரையும் இடத்தையும் ஏற்கும் வாய்ப்பு வந்தது. ஹிரோஷிகே அதை ஏற்கவில்லை. தீயணைப்புப் பதவியையும் காலப்போக்கில் குடும்ப வாரிசிடம் ஒப்படைத்துவிட்டு, முழுநேர ஓவியராகத் தம் சொந்தப் பாதையைத் தேடத் தொடங்கினார்.

கடல் கடந்து வந்த நீலம்

அந்தப் பாதையைத் திறந்துவிட்டது ஒரு வண்ணம் என்றால் வியப்பாக இருக்கும். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லின் நகரில் தற்செயலாகக் கண்டறியப்பட்ட பிரஷ்ய நீலம், நாகசாக்கி துறைமுகத்தின் வழியாக ஜப்பானுக்குள் வந்தது. நெடுங்காலம் அதன் விலை அதிகம். 1830ஆம் ஆண்டையொட்டி விலை குறைந்து, சாதாரண அச்சுப் படங்களுக்கும் கட்டுப்படியாயிற்று.

அதுவரை அச்சிடுபவர்கள் பயன்படுத்திய செடிச்சாற்று நீலம் விரைவில் வெளுத்துவிடும். புதிய நீலம் வெளுக்கவில்லை. ஆழ்ந்த கருநீலத்திலிருந்து மெல்லிய வெளிர்நீலம் வரை அதைப் படிப்படியாகக் கரைத்துக் காட்டவும் முடிந்தது. வானமும் கடலும் ஆறும் வரைய இதைவிட வேறு என்ன வேண்டும்? எழுபது வயதை எட்டியிருந்த ஹொக்குசாய், ஃபூஜி மலையின் 36 காட்சிகள் என்னும் வரிசையில் இந்த நீலத்தைக் கொண்டு புகழ் பெற்றார். நிலக்காட்சிப் படத்துக்கும் சந்தை உண்டு என்பது பதிப்பாளர்களுக்குப் புரிந்தது.

1833ஆம் ஆண்டையொட்டி ஹோயெய்தோ என்னும் பதிப்பகத்தை நடத்திய தாக்கெனோஉச்சி மகோஹச்சி, ஹிரோஷிகேயின் தொக்கைதோ சாலை வரிசையை வெளியிடத் தொடங்கினார். தொக்கைதோ என்பது எடோவையும் கியோத்தோவையும் இணைத்த, ஏறத்தாழ 500 கிலோமீட்டர் நீளமுள்ள கடலோரப் பெருவழி. வழியில் 53 தங்கல் ஊர்கள். தொடக்கமும் முடிவும் சேர்த்து மொத்தம் 55 படங்கள்.

1832இல் பேரரசருக்குக் குதிரைகளைக் கொண்டுசென்ற அரசு ஊர்வலத்துடன் ஹிரோஷிகே அச்சாலையில் நடந்தார் என்று நெடுங்காலம் சொல்லப்பட்டு வந்தது. இன்றைய ஆய்வாளர்கள் பலர் இதை ஐயத்தோடு பார்க்கின்றனர். ஹிரோஷிகே பிறந்த அதே 1797ஆம் ஆண்டில் வெளிவந்த தொக்கைதோ வழிகாட்டி நூலின் படங்களைச் சில காட்சிகள் ஒத்திருப்பதே காரணம். எப்படியிருப்பினும், வழிகாட்டி நூலில் இல்லாத ஒன்று ஹிரோஷிகேயிடம் இருந்தது. அது வானிலை. அவர் ஊர்களை மட்டும் வரையவில்லை. அந்த ஊரில் அந்த நேரத்தில் பெய்த மழையையும் வீசிய காற்றையும் வரைந்தார். நனைந்து ஓடும் சுமைதூக்கிகளும் தொப்பியைப் பறிகொடுத்துத் துரத்தும் பயணியும் அவருடைய நாயகர்கள்.

நால்வர் சேர்ந்த கலை

இங்கேதான் நம் கேள்வி வருகிறது. ஹிரோஷிகே வரைந்தது என்ன? மெல்லிய தாளில் கறுப்பு மையால் தீட்டிய கோட்டோவியம். அவ்வளவுதான். அந்தத் தாளை மரம் செதுக்குபவர் காட்டுச் செர்ரி மரப் பலகையில் கவிழ்த்து ஒட்டுவார். கோடுகளை மட்டும் மேடாக விட்டுவிட்டு மற்ற இடங்களைச் செதுக்கி எடுப்பார். இவ்வாறு செதுக்கும்போதே ஓவியரின் மூலத்தாள் அழிந்துவிடும். அதாவது, ஹிரோஷிகேயின் கை பட்ட தாள் அச்சுக்குப் பலியான பிறகே படம் பிறக்கிறது.

கோட்டுப் பலகையிலிருந்து எடுத்த படிகளில் எந்த இடத்துக்கு எந்த வண்ணம் என்று ஓவியர் குறித்துக் கொடுப்பார். ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனித்தனியாக அச்சுப்பரப்பு செதுக்கப்படும். பலகையின் ஓரத்தில் கெந்தோ எனப்படும் இரண்டு சிறிய அடையாள வெட்டுகள் இருக்கும். தாளின் மூலையும் விளிம்பும் அவற்றில் சரியாகப் பொருந்தினால்தான் வண்ணங்கள் விலகாமல் விழும்.

பின்னர் பலகைகள் அச்சிடுபவரிடம் போகும். அச்சு இயந்திரம் எதுவும் இல்லை. நீரில் கரைத்த வண்ணத்தோடு அரிசிப் பசையைக் கலந்து பலகையில் தேய்ப்பார். ஈரப்படுத்திய தாளை அதன்மேல் வைத்து, பரேன் என்னும் வட்டமான தேய்ப்பானால் முதுகுப் பக்கத்தை அழுத்தித் தேய்ப்பார். மூங்கில் உறையால் சுற்றப்பட்ட அந்தச் சிறு தேய்ப்பானே அவருடைய இயந்திரம். ஒரு படம் முழுமை பெற ஒரே தாள் பத்து, இருபது முறைகூடப் பலகையில் படிய வேண்டியிருக்கும்.

அச்சிடுபவரின் உண்மையான திறமை பொகாஷி என்னும் முறையில் வெளிப்படும். பலகையின் ஒரு பகுதியை ஈரத்துணியால் துடைத்து, தூரிகையின் ஒரு பக்கத்தில் மட்டும் வண்ணம் தோய்த்துத் தீட்டினால், வண்ணம் அடர்த்தியில் தொடங்கி மெல்ல மெல்ல மறையும். ஹிரோஷிகேயின் வானங்களில் மேலே ஓடும் கருநீலப் பட்டை கீழிறங்கி ஒளியில் கரைவது இப்படித்தான். இந்த மங்கல் பலகையில் செதுக்கப்பட்டது அன்று. ஒவ்வொரு தாளுக்கும் அச்சிடுபவர் புதிதாகத் துடைத்துப் புதிதாகத் தீட்டியாக வேண்டும். ஹிரோஷிகேயின் அந்தி, ஒவ்வொரு தாளிலும் இன்னொருவர் கையால் மீண்டும் மீண்டும் உண்டாக்கப்பட்டது.

இந்த மூவருக்கும் மேலே முதல் போட்டு, தலைப்பைத் தேர்ந்து, தணிக்கை முத்திரை பெற்று, படத்தைக் கடைக்குக் கொண்டுவந்தவர் பதிப்பாளர். ஆக நால்வர். படத்தில் ஓவியர் பெயரும் பதிப்பாளர் முத்திரையும் இருக்கும். செதுக்கியவரின் அடையாளம் அரிதாக ஓரத்தில் தென்படும். அச்சிட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் பெயரின்றியே போனார்கள்.

முதல் அச்சும் மறு அச்சும்

ஒரு படத்தை முதலில் 200 தாள்கள் அச்சிடுவது அன்றைய பட்டறை வழக்கம். முதல் அச்சின்போது ஓவியரின் விருப்பம் நெருக்கமாகப் பின்பற்றப்படும். கோடுகள் புதிதாகச் செதுக்கப்பட்டவை. மழைத்தாரைகள் முடியிழை போல் மெலிந்து நிற்கும். பொகாஷிகள் முழுமையாக இருக்கும். செர்ரிப் பலகையின் இயற்கையான வரிகள்கூட வானத்திலும் நீரிலும் மெல்லப் பதிந்திருக்கும்.

படம் நன்றாக விற்றுவிட்டால்? அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. பதிப்பாளர் விரைவாகவும் மலிவாகவும் மேலும் அச்சிடச் சொல்வார். நேரம் பிடிக்கும் பொகாஷிகள் ஒவ்வொன்றாகக் கைவிடப்படும். இரண்டு வண்ணங்கள் ஒன்றாக்கப்படும். ஆயிரக்கணக்கான முறை அழுத்தப்பட்ட மெல்லிய கோடுகள் தேய்ந்து தடிக்கும். சில இடங்களில் உடையும். மூடுபனி இருந்த இடம் வெறும் தாளாகும், மாலைப்பொழுது நடுப்பகலாகும். மக்கள் விரும்பிய படங்களே மிக மோசமாகத் தேய்ந்தன என்பது இக்கலையின் சோகம்.

தொக்கைதோ வரிசையிலேயே இதற்குச் சான்றுகள் உண்டு. ஷோனோ என்னும் ஊரின் திடீர் மழைக் காட்சி அவற்றுள் ஒன்று. மலைச்சரிவில் சிலர் மேலேறியும் சிலர் கீழிறங்கியும் ஓடுகிறார்கள். பின்னணியில் மூங்கில் தோப்பு, சாம்பல் நிறத்தின் வெவ்வேறு அடர்த்திகளில் அடுக்கடுக்காகக் காற்றில் சாய்கிறது. தொடக்க கால அச்சுகளில் ஒருவருடைய குடையின் மேல் பதிப்பாளரின் குடும்பப் பெயரான தாக்கெனோஉச்சியும், வரிசையின் பெயரும் எழுதப்பட்டிருக்கும். மழைக்கு நடுவே ஒரு விளம்பரம்! பிந்திய அச்சுகளில் இந்த எழுத்துகள் இல்லை. இன்று ஒரு ஷோனோ படம் முந்தியதா பிந்தியதா என்று அறிய வல்லுநர்கள் முதலில் அந்தக் குடையைத்தான் பார்க்கிறார்கள்.

வரிசையின் முதல் படமான நிஹொன்பாஷி பாலம் இரண்டு வடிவங்களில் உள்ளது. ஒன்றில் விடியற்காலை அமைதியில் பிரபுவின் ஊர்வலம் பாலத்தின்மேல் வர, முன்னால் மீன் வியாபாரிகள் சிலரே நிற்கிறார்கள். மற்றொன்று பின்னர் புதிதாகச் செதுக்கப்பட்டது. அதில் முன்புறம் மக்கள் கூட்டத்தால் நிரம்பிவிட்டது. கம்பரா ஊரின் இரவுப் பனியோ இன்னும் வியப்பானது. சில அச்சுகளில் இருள் வானத்தின் உச்சியில் அடர்ந்திருக்கிறது. சிலவற்றில் கீழே மலைகளையும் கூரைகளையும் ஒட்டி அடர்ந்திருக்கிறது. கோடுகள் அதே கோடுகள்தாம். பொகாஷி இடம் மாறியதும் இரவே வேறோர் இரவாகிவிடுகிறது. பனி அரிதாகவே விழும் அந்த மிதவெப்பக் கடலோர ஊருக்கு ஓவியர் கற்பனையால் பனியைக் கொடுத்தார். அச்சிடுபவர் அதற்கு இருளைக் கொடுத்தார்.

புகழும் கடனும்

தொக்கைதோ வரிசை ஹிரோஷிகேயைப் புகழின் உச்சிக்கு உயர்த்தியது. கெய்சாய் எய்சென் என்னும் ஓவியர் தொடங்கிய கிசோ மலைவழி வரிசையில் பெரும்பகுதியை அவரே வரைந்து முடித்தார். 1842இல் அரசாங்கம் சீர்திருத்தம் என்ற பெயரில் நடிகர்கள், பொழுதுபோக்குப் பெண்கள் ஆகியோரின் படங்களுக்குத் தடை விதித்தபோது, நிலக்காட்சி ஓவியருக்குத் தேவை மேலும் கூடியது. தொக்கைதோ சாலையை மட்டும் அவர் இருபதுக்கும் மேற்பட்ட வரிசைகளாக வரைந்தார்.

ஆனால் வருமானம்? அது ஒரு நாள்கூலித் தொழிலாளியின் ஊதியத்தைப் போல் இரு மடங்கு அளவில்தான் இருந்தது என்று மதிப்பிடப்படுகிறது. ஒரு படத்துக்கு ஒருமுறை கூலி. எத்தனை ஆயிரம் மறு அச்சுகள் விற்றாலும் ஓவியருக்கு அதில் பங்கில்லை. எனவே அவர் வரைந்துகொண்டே இருக்க வேண்டியிருந்தது. விரைவில் வரைந்து விரைவில் விற்ற படங்கள் பல. அவற்றுள் சோர்வு தெரிபவையும் உண்டு என்பதை அவரைப் போற்றுபவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். 1839இல் முதல் மனைவியும், சில ஆண்டுகளுக்குப் பின் மகனும் மறைந்தனர். பின்னர் ஓயாசு என்னும் பெண்ணை மணந்தார்.

இடிந்த நகரத்துக்கு நூறு காட்சிகள்

1855 நவம்பரில் எடோ நகரைப் பெரும் நிலநடுக்கம் தாக்கியது. தொடர்ந்து தீ பரவியது. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். தீயணைப்புக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்த ஹிரோஷிகேக்கு அப்போது 58 வயது. மறு ஆண்டு அவர் தலையை மழித்துப் பௌத்தத் துறவு நிலையை ஏற்றார். அதே 1856ஆம் ஆண்டில் தம் வாழ்வின் கடைசிப் பெரும் பணியைத் தொடங்கினார். பதிப்பாளர் உவோயா எய்கிச்சி வெளியிட்ட எடோவின் நூறு புகழ்மிகு காட்சிகள் என்னும் வரிசையே அது. பெயரில் நூறு என்றாலும் படங்களின் எண்ணிக்கை நூறைத் தாண்டியது.

இவ்வரிசையில் இடிபாடுகள் இல்லை. நிமிர்ந்து நிற்கும் நகரம்தான் இருக்கிறது. அசாகுசா கோயில் காட்சியில் பனி போர்த்திய கோபுரம் நேராக நிற்கிறது. நிலநடுக்கத்தில் வளைந்துபோன அக்கோபுரத்தின் உச்சி செப்பனிடப்பட்டதைக் கொண்டாடும் படம் இது என்று சில ஆய்வாளர்கள் கருதுகின்றனர். அவ்வாறு பார்த்தால், இந்த வரிசை அழகிய இடங்களின் தொகுப்பு மட்டுமன்று. இழந்ததை மீட்டுக்கொண்டிருந்த ஒரு நகரத்துக்கு அதன் முதிய குடிமகன் தந்த ஆறுதல் எனலாம்.

இவ்வரிசையின் முதல் அச்சுகள் மர அச்சுக் கலையின் சிகரங்களுள் வைத்து எண்ணப்படுகின்றன. 1857இல் வெளிவந்த ஷின்ஓஹாஷி பாலத்துத் திடீர் மழையை எடுத்துக்கொள்வோம். பாலத்தில் மக்கள் குனிந்து விரைகிறார்கள். ஆற்றில் ஒருவர் தனியாக மரத் தெப்பத்தைச் செலுத்துகிறார். மழைத்தாரைகள் சற்றே மாறுபட்ட இரு சாய்வுகளில் தனித்தனியாகச் செதுக்கப்பட்டு ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிடப்பட்டவை. அதனால்தான் அந்த மழை கோடுகளாக நிற்காமல் பொழிகிறது. வானத்தின் உச்சியில் திரண்ட கருமேகம் கோடே இல்லாமல் பொகாஷியால் மட்டும் உருவானது. அந்த மேகத்தின் விளிம்பு தாளுக்குத் தாள் வேறுபடும். எந்த இரண்டு தாள்களும் முற்றிலும் ஒன்றல்ல.

மறைவும் மறுபிறப்பும்

1858ஆம் ஆண்டில் எடோவைக் காலரா சூறையாடியது. அந்த ஆண்டு அக்டோபரில் ஹிரோஷிகே காலமானார். அவர் உயிரைப் பறித்தது காலராதானா என்பது உறுதியாகவில்லை. தம் கடன்களை எப்படி அடைக்க வேண்டும் என்பதற்கான குறிப்புகளை அவர் விட்டுச் சென்றார். பத்தாயிரக்கணக்கான தாள்களில் தம் பெயரைக் கண்ட மனிதரின் கடைசிக் கவலை கடனாக இருந்தது. அவருடைய உடல் அசாகுசாவின் ஒரு ஜென் கோயிலில் அடக்கம் செய்யப்பட்டது.

ஜப்பானின் கதவுகள் அப்போதுதான் உலகுக்குத் திறந்துகொண்டிருந்தன. படங்கள் ஐரோப்பாவை அடைந்தன. 1887இல் பாரிசில் வின்சென்ட் வான்கோ, நூறு காட்சிகள் வரிசையிலிருந்து கமெய்தோ மாமரம் போல் விரிந்த பிளம் மரத்தையும் ஷின்ஓஹாஷி மழையையும் எண்ணெய் வண்ணத்தில் தீட்டிப் பார்த்தார். அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட் ஹிரோஷிகேயின் படங்களைத் தேடித் தேடிச் சேர்த்தார். 1906இல் சிகாகோ கலைக்கழகத்தில் அவற்றைக் காட்சிக்கு வைத்தார். நூறு காட்சிகளின் முழு வரிசையொன்று நியூயார்க்கின் புரூக்ளின் அரும்பொருளகத்தில் பாதுகாக்கப்படுகிறது.

பலகைகள் என்னவாயின? தேய்ந்த பலகைகளை இழைத்து வேறு படத்துக்குப் பயன்படுத்துவது பட்டறைகளின் சிக்கன வழக்கம். ஆகவே முதல் அச்சுத் தாள்கள்தாம் எஞ்சிய சாட்சிகள். அவற்றிலும் செடிச்சாற்று வண்ணங்கள் ஒளியில் வெளுக்கக்கூடியவை என்பதால், அரும்பொருளகங்கள் அவற்றைக் குறைந்த ஒளியில் சில வாரங்களோ மாதங்களோ மட்டும் காட்டிவிட்டு இருட்டறைக்கு அனுப்புகின்றன.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

ஹிரோஷிகேயின் பிந்திய அச்சு ஒன்றை மட்டும் பார்த்தவர், அவரைச் சாதாரண அஞ்சலட்டை ஓவியர் என்று எண்ணிவிடக்கூடும். அவ்வாறு எண்ணியவர்களும் உண்டு. அவர்கள் கண்டது ஹிரோஷிகேயின் குறையை அன்று, அவசரத்தின் குறையை. ஒரு படைப்பை எடைபோடும் முன் நம் கையில் இருப்பது அதன் எந்த அச்சு என்று கேட்டுப் பார்ப்பது ஓவியத்துக்கு மட்டும் உரிய ஒழுக்கம் அன்று. நூலையும் வரலாற்றையும் மனிதரையும் படிக்கும் மாணவர்கள் அனைவருக்கும் அது பொருந்தும்.

மற்றொன்றும் உண்டு. முதல் அச்சு உயர்ந்து நிற்பதற்குக் காரணம் அது முந்தி வந்தது என்பது மட்டுமன்று. ஓவியர், செதுக்குபவர், அச்சிடுபவர், பதிப்பாளர் ஆகிய நால்வரின் கவனமும் ஒரே தாளில் ஒன்றுகூடிய நேரம் அது. அந்தக் கவனம் கலைந்தபோது, அதே பலகையும் அதே கோடும் இருந்தும் மழை நின்றுவிட்டது. டோக்கியோவின் சில பட்டறைகளில் இன்றும் கைவினைஞர்கள் செர்ரிப் பலகையைத் துடைத்து, தூரிகையின் ஒரு பக்கத்தில் நீலம் தோய்த்து, ஹிரோஷிகேயின் வானத்தை மீண்டும் அச்சிடுகிறார்கள். வானம் ஹிரோஷிகேயுடையது. அதை விடிய வைப்பதும் இருட்ட வைப்பதும், அன்றுபோலவே, பெயர் தெரியாத ஒரு கையின் வேலை.